கலைத்துப் போட்ட எழுத்துகள்

எனக்கு ஆங்கிலம் வருவதற்கு முன்பே ஆங்கிலச் சொற்கள் வந்துவிட்டன. பேச வராது. எழுதினால் வாத்தியார் சிவப்பு மையில் குளிப்பாட்டுவார். ஆனால் பத்து எழுத்தை முன்னால் கொட்டினால் அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடுவேன். வகுப்பில் முதல் வரிசைப் பையன்களுக்கு இது பெரிய எரிச்சல்.

திருச்சியை ஒட்டிய பொன்மலையில் வளர்ந்தவன் நான். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனையை 1920களின் கடைசியில் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அதைச் சுற்றித்தான் காலனி. அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காலைச் சங்கு ஊதினால் வீடுகளில் டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம் கேட்கும். ரயில்வே காலனிப் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்து புத்தகத்திலிருந்து வருவதில்லை. வேகன் மீதும் போர்டுகளின் மீதும் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்து வருவது. கூட்ஸ், பார்சல், கார்டு, லேடீஸ், என்கொயரி. வடிவம் முதலில் மனதில் பதியும். பொருள் நிதானமாக அப்புறம் வந்து சேரும்.

தமிழ் மீடியம் பள்ளி. மழை பெய்து பாதிப் பேர் வராத நாட்களில் ஆங்கில வாத்தியார் பாடம் எடுக்க மாட்டார். கரும்பலகையில் ஒரு நீளமான சொல்லை எழுதிவிட்டு, இதற்குள் எத்தனை சொல் இருக்கிறது பார் என்பார். ஒர்க்‌ஷாப் ஊர் என்பதால் அவருக்குப் பிடித்த சொல் ‘லோகோமோட்டிவ்’. எழுத்து பத்து: எல், ஓ, சி, ஓ, எம், ஓ, டி, ஐ, வி, ஈ. ஓ மூன்று முறை வரலாம், மற்றவை ஒரே முறை. லவ் என்று எவனாவது சொல்லி வகுப்பே சிரிக்கும். மூவ், டைம், மைல், டூல் எல்லாம் அடுத்தடுத்து வரும். அதோடு முதல் வரிசை ஓய்ந்துவிடும். அவர்கள் தெரிந்த சொல் ஒன்றை நினைத்துக்கொண்டு அதற்கு வேண்டிய எழுத்து பலகையில் இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த சொற்களோ கொஞ்சம். அதனால் எழுத்திலிருந்துதான் புறப்பட்டாக வேண்டும். ஓவையும் ஐயையும் சேர்த்து நடுவில் நிறுத்திவிட்டு, முன்னும் பின்னும் மற்றவற்றை வைத்து வைத்துப் பார்ப்பேன். ‘வோய்சி’ சார் என்று ஒருநாள் எழுந்து சொன்னேன். வாத்தியார் கொஞ்சம் யோசித்து, ‘அது வாய்ஸ்டா’ என்றார். ஆலிவ், வயலட், காமெட் எல்லாம் அந்தப் பத்துக்குள்தான் கிடந்தன.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதினால் இரண்டு பி, இரண்டு டி வந்துவிடும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. பாம்பே பி, பாண்டிச்சேரி பி. டெல்லி டி, திருச்சி டி. லோகோமோட்டிவில் இருப்பது திருச்சி டி.

எதிர் வரிசையில் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலோ இந்தியன் டிரைவரின் வீடு. அவர் மனைவியைக் காலனிப் பிள்ளைகள் எல்லோரும் ஆன்ட்டி என்போம். கேக்குக்காகப் போய், மர எழுத்துகளுக்காகத் தங்கிவிட்டவன் நான். அவரிடம் ஸ்பியர்ஸ் கம்பெனியின் ஸ்க்ராபிள் பெட்டி இருந்தது. இங்கிலாந்திலிருந்து யாரோ சொந்தக்காரர் அனுப்பியது. மூலை கிழிந்து, சணல் கயிற்றால் கட்டியிருக்கும். உள்ளே 15-க்கு 15 கட்டம் போட்ட பலகை, துணிப்பை, பைக்குள் 100 மரச்சில்லு. அதில் 98 எழுத்து, இரண்டு வெற்றுச்சில்லு. பையில் கையை விட்டு ஏழு எடுக்க வேண்டும். அந்த ஏழைக் கொண்டு, பலகையில் ஏற்கெனவே இருக்கும் சொல்லோடு ஒட்டுகிற மாதிரி ஒரு சொல் அமைக்க வேண்டும்.

யார் இதைக் கண்டுபிடித்தது என்று அப்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஆல்ஃப்ரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், 1930களின் பெருமந்தத்தில் வேலை போய் உட்கார்ந்திருந்தபோது செய்த காரியம் என்று பிற்பாடு படித்தேன். அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒரு குமாஸ்தா வேலைதான். ‘நியூயார்க் டைம்ஸ்’ போன்ற பத்திரிகைகளின் பக்கங்களை எடுத்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று கையால் எண்ணினார். அந்தக் கணக்கை ஒட்டித்தான் ஈ 12, ஏ 9, ஐ 9, ஓ 8 என்று சில்லுகள் அமைந்தன. க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான். அதனால் அவற்றுக்குப் பத்துப் பத்துப் புள்ளி. எஸ் ஆங்கிலத்தில் ஏராளமாக வரும். ஆனால் பெட்டியில் நாலே நாலு. எல்லாச் சொல்லுக்கும் வாலில் எஸ் ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளி அள்ளிவிடக் கூடாது என்று கஞ்சத்தனமாக வைத்தது அது. பல பெயர் மாறி, ஜேம்ஸ் புருனோ என்பவர் கைக்குப் போய், 1948-இல் ஸ்க்ராபிள் ஆயிற்று.

ஆன்ட்டிக்கு ஒரு பழக்கம். எடுத்த ஏழையும் தன் முன்னால் இருக்கும் மரத்தண்டில் ஏபிசிடி வரிசையில் அடுக்குவார். நான் எழுத்துகளை இடம் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொண்டிருப்பேன். ‘சும்மா கலைக்காதே மேன். வரிசையில அடுக்கு. அதுவே உன்கிட்ட பேசும்’ என்பார். பேசவும் செய்தது. ஈ, எல், எம், என், ஓ என்று வரிசையாக நின்றால் அதில் லெமன் இருக்கிறது; அதே வரிசையில்தான் மெலனும் இருக்கிறது. ஏ, சி, ஈ, என், ஓ என்றால் ஓஷன், கனூவும் அதுவே. கடலும் படகும் ஒரே ஐந்து எழுத்துக்குள். இப்படி வரிசையைப் பார்த்ததும் சொல் நினைவுக்கு வருகிற அளவுக்கு ஆன்ட்டியின் மண்டையில் ஒரு தலைகீழ் அகராதி உட்கார்ந்திருந்தது. சொல்லைக் கொடுத்தால் பொருள் தருவது ஊரிலுள்ள அகராதி. எழுத்தைக் கொடுத்தால் சொல் தருவது இவருடையது.

ஏழு சில்லையும் ஒரே வீச்சில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். அப்படி நான் இறக்கிய சொற்களில் மறக்காதது ‘செரூட்’. சி, எச், ஈ, ஆர், ஓ, ஓ, திருச்சி டி. ஆட்டத்தின் முதல் சொல் என்றால் இரட்டிப்பு உண்டு. பன்னிரண்டு இருபத்து நாலாகி, மேலே ஐம்பதும் சேர்ந்து 74. ஆன்ட்டியின் கணவர் ஈஸிசேரிலிருந்து எழுந்து வந்து பலகையைப் பார்த்தார். வாயில் புகைந்துகொண்டிருந்ததைக் கையில் எடுத்துக் காட்டி, இது உங்க ஊர்ச் சொல்லுதான் மேன் என்றார். உறையூர்ச் சுருட்டு. நம் சுருட்டுதான் கப்பலேறிப் போய் செரூட் ஆனது. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே கொலைகாரன் திருச்சினாப்பள்ளிச் சுருட்டு பிடித்ததைச் சாம்பலை வைத்துக் கண்டுபிடிக்கிறார். அது 1887-இல் வந்த கதை. எனக்கு அந்தச் சொல் தெரிந்ததற்குக் காரணம் கோனன் டாயில் இல்லை, கடைத்தெருவில் தொங்கிய ஒரு பழைய தகரப் பலகை.

பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் ஸ்பெல்லிங் விதி, க்யூ வந்தால் பின்னாலேயே யு வரும் என்பது. க்வீன், க்வஸ்டின், என்கொயரி. பத்துப் புள்ளி க்யூவைக் கையில் வைத்துக்கொண்டு, யு வருமா வருமா என்று நான் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டிருப்பேன். ஆன்ட்டி சர்வ சாதாரணமாக க்யூ, ஏ, திருச்சி டி என்று மூன்றை வைத்துவிட்டுப் போனார். ‘காட்’ என்று படிக்க வேண்டுமாம். ஏமன் நாட்டார் வெற்றிலை மாதிரி மெல்லுகிற ஓர் இலை. அகராதியில் இருக்கிறது. நாகூர்ப் பக்கம் நாம் தினம் பார்க்கிற ஃபக்கீரையும் எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர் என்று எழுதலாம். அங்கும் யு இல்லை. அரபியும் சீனமும் ஆங்கிலத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும் இடங்களில் எல்லாம் பள்ளி விதி செல்லாது. ஆங்கிலம் யாருடைய தனிச்சொத்தும் இல்லை என்று எனக்கு முதலில் சொன்னது அந்த மூன்று சில்லுதான்.

பலகையை ஆன்ட்டி இரவல் கொடுத்த விடுமுறைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆட்டம் நடக்கும். அம்மா ஐந்தாவதோடு நின்றவர். ஆங்கில எழுத்து தெரியும், மொழி தெரியாது. ஆனால் அரிசியில் கல் பொறுக்கிய கண். ரீடு, ரீடர், டிரைவ், டிரைவர் என்று எங்கள் பேச்சிலிருந்தே ஒரு சங்கதியைப் பிடித்துவைத்திருந்தார்: வாலில் ஈ-ஆர் போட்டால் ஏதோ ஒன்று வரும். ஒருநாள் அவர் தண்டில் ஏ, சி, ஈ, எல், பாண்டிச்சேரி பி, ஆர் என்று ஆறு எழுத்து. பார்சல் என்று நான் மனதுக்குள் பார்த்துவிட்டேன். வேகன் வேகனாகப் பார்த்த சொல். அம்மா அதை விட்டுவிட்டு ‘ப்ளேஸர்’ என்று வைத்தார். ப்ளேஸ் உண்டென்றால் ப்ளேஸர் ஏன் இருக்கக் கூடாது என்பது அவர் வாதம். அப்பா சிரித்தார். அகராதி சிரிக்கவில்லை. ஆற்று மணலில் தங்கம் முதலான தாதுக்கள் ஒதுங்கிக் கிடக்கும் படிவுக்கு அந்தப் பெயர் என்று போட்டிருந்தது. அப்பா அதற்கப்புறம் அம்மாவின் சொல்லை அகராதி பார்க்காமல் மறுக்கவில்லை. அம்மாவும் அதற்கப்புறம் எதையும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. வைத்துவிட்டு, ‘பாருங்க’ என்பதோடு சரி.

வீட்டில் இந்த விளையாட்டை வெறுத்தவர் பெரியப்பா. அதற்கு ஒரு பழங்கதை உண்டு. 1940களிலும் 50களிலும் குறுக்கெழுத்துப் போட்டிப் பைத்தியம் நாடு முழுவதும் பிடித்து ஆட்டியது. பத்திரிகையில் கூப்பன் வரும். கட்டணம் கட்டி நிரப்பி அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் பரிசு. ஒரு குறிப்புக்கு இரண்டு சொல் பொருந்தும். எழுத்து ஒன்றுதான் மாறும். எது சரியான விடை என்பது ஆசிரியரின் மூடிய உறைக்குள் இருக்கும். பெரியப்பா சம்பளத்தில் பாதியைக் கூப்பனில் போட்டவர். எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம். 1955-இல் மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ சேர்த்து, அடுக்கி, இடம் மாற்றி விடை காணும் புதிர்களுக்குப் பரிசு தருவதைத்தான் அந்தச் சட்டம் பரிசுப் போட்டி என்று வரையறுக்கிறது. மாதத்துக்கு 1000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றார்கள். போட்டி நடத்தியவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1957-இல் தீர்ப்பு: இந்தச் சட்டம் சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்குத்தான், திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு இல்லை.

நாங்கள் பலகையை விரித்தால் பெரியப்பா, ‘சர்க்காரே தடுத்த ஆட்டம்டா இது’ என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி பலகைக்கு முன்னாலும் தீராது. ஏழும் உயிரெழுத்தாக வந்து உட்கார்ந்தால் ஆன்ட்டியேகூட முழிப்பார். ஆனால் வருஷக் கணக்கில் ஆடியபோது தோற்றது பெரும்பாலும் நாங்கள்தான். அதிர்ஷ்டம் ஒருத்தர் வீட்டிலேயே அப்படிக் குடியிருக்காது. உச்ச நீதிமன்றத்தின் பக்கம்தான் என் ஓட்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆன்ட்டியின் குடும்பம் ஆஸ்திரேலியா போயிற்று. பொன்மலையிலிருந்து அப்படிப் போன வீடுகள் நிறைய. பெட்டியை என்னிடம் கொடுத்தார், அகராதியைக் கொடுக்கவில்லை. நான் சென்னைக்கு வேலைக்கு வந்ததும் செய்த முதல் காரியம், மூர் மார்க்கெட்டில் பழைய சேம்பர்ஸ் அகராதி தேடியது. 1985-இல் மார்க்கெட் எரிவதற்கு முந்தைய காலம். அட்டை போன, முதல் சில பக்கம் இல்லாத பிரதி கிடைத்தது. ஏ-ஏ என்று ஒரு சொல் உண்டு, எரிமலைக் குழம்பு இறுகிய கரடுமுரடான பாறை; ஏ-ஐ என்றும் உண்டு, மூன்று விரல் அசமந்த விலங்கு. இரண்டெழுத்துச் சொல் தெரிந்தவனை ஸ்க்ராபிளில் அசைக்க முடியாது. என் பிரதியில் கிழிந்த பக்கங்களில் அந்த இரண்டும் போய்விட்டன, பென்சிலால் நானே எழுதிக்கொண்டேன்.

கணினி வந்தது. தொண்ணூறுகளில் அலுவலகத்து யூனிக்ஸ் கணினியில், புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ‘கிரெப்’ என்ற கட்டளையைக் காட்டினான். கென் தாம்ப்சன் எழுதிய சின்னக் கருவி அது. யூனிக்ஸோடு சுற்றிக்கொண்டிருந்த ஒரு சொற்பட்டியல் கோப்பு உண்டு. 1934-ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது, 2,34,936 சொற்கள். ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் ஏ, ஈ, ஐ, ஓ, யு என்று அதே வரிசையில் வரும் சொற்களைக் கொடு என்றான். அவன் விரலை எடுப்பதற்குள் அப்ஸ்டீமியஸ், ஃபசீஷியஸ் என்று திரையில் ஓடின. நான் ஒரு விடுமுறை முழுக்கத் தேடியிருப்பேன்.

கலைந்த எழுத்துகளிலிருந்து சொல் கண்டுபிடிக்கும் முறையையும் அவனிடமே கேட்டேன். ஏழு எழுத்தை இடம் மாற்றினால் 5040 விதம். ஒவ்வொன்றையும் அகராதியில் தேடுவது மடத்தனம் என்றான். பெல் ஆய்வகத்தின் ஜான் பென்ட்லி 1986-இல் வெளியிட்ட ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ புத்தகத்தைத் திறந்து காட்டினான். அகராதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் எழுத்துகளை ஏபிசிடி வரிசையில் அடுக்கி ஒரு கையெழுத்து போல வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே கையெழுத்து உள்ளவை ஒரே குடும்பம். லெமனுக்கும் மெலனுக்கும் ஒரே கையெழுத்து. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பையனுக்குப் புரியவில்லை. பொன்மலை ஆன்ட்டி மரத்தண்டில் செய்தது இதைத்தான். போட்டி ஸ்க்ராபிள் ஆடுகிறவர்கள் இந்த வரிசைக்கு ஆல்ஃபாகிராம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஒரு சொல்லுக்குள் குறிப்பிட்ட சில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்க இன்னொரு வழியும் சொன்னான். அதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. ஏ-க்கு 2, பாம்பே பி-க்கு 3, சி-க்கு 5, அடுத்து 7, 11 என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பகா எண். சொல்லின் எண்களைப் பெருக்க வேண்டும். ஓஷனுக்கு 47, 5, 11, 2, 43, பெருக்கினால் 2,22,310. ஏ, சி, ஈ மூன்றுக்கும் 2, 5, 11, பெருக்கினால் 110. முதல் எண்ணை இரண்டாவது மீதியில்லாமல் வகுத்தால் அந்த மூன்று எழுத்தும் சொல்லுக்குள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் காரணிப்படுத்தல் படித்தபோது இது எதற்கு என்று கேட்டு அடி வாங்கியவர்கள் உண்டு. இதற்கும்தான்.

அகராதி முழுவதையும் ஒரு நொடியில் துழாவும் யந்திரம் வந்தபின் இந்த விளையாட்டு செத்துவிடும் என்று அப்போது நினைத்தவர்கள் இருந்தார்கள். சாகவில்லை. நியூயார்க் டைம்ஸின் ‘ஸ்பெல்லிங் பீ’ புதிரில் ஏழு எழுத்து, நடு எழுத்து கட்டாயம், நாலெழுத்துக்குக் குறையக் கூடாது. என் மருமகள் தினமும் காபியோடு அதில்தான் உட்காருகிறாள். அங்கே எஸ் பெரும்பாலும் தலைகாட்டாது. பட்ஸின் கஞ்சத்தனம் அங்கேயும் தொடர்கிறது.

இந்த ஆட்டத்துக்கு மொழியறிவு எவ்வளவு வேண்டும் என்பதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு: மிகக் கொஞ்சம். சாட்சிக்கு அம்மா போதும். போதாது என்பவர்களுக்கு நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழும் நைஜல் ரிச்சர்ட்ஸ் இருக்கிறார். ஆங்கில ஸ்க்ராபிளில் பலமுறை உலக சாம்பியன். 2007-இல் மும்பையில் நடந்ததும் அவருக்கே. 2015-இல் பிரெஞ்சு மொழிச் சாம்பியன் பட்டத்தை வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்துகொண்டு போனார். 2024-இல் ஸ்பானிஷிலும் அதே கதை. இதை மொழிக்குச் செய்யும் அவமானம் என்று ஒரு நண்பர் என்னிடம் சண்டைக்கு வந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசத் தெரியாததால் வாயைத் திறக்கக் கூசிய என் போன்ற பிள்ளைகளுக்கு ஆங்கிலத்துக்குள் போக வேறொரு வாசல் இருந்தது. உச்சரிப்பு, இலக்கணம், தோரணை எதையும் அந்த வாசலில் யாரும் கேட்கவில்லை. உள்ளே போனபின் பொருள் தானாகப் பின்தொடர்ந்தது. ப்ளேஸர் என்றால் என்ன என்று என் அம்மாவுக்குக் கடைசிவரை தெரிந்திருந்தது.

ஆகவே தமிழ் மீடியத்தில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டுங்கள். ஈ 12, ஏ 9, ஐ 9, ஓ 8, என், ஆர், திருச்சி டி ஆறாறு, எல், எஸ், யு, டெல்லி டி நாலு நாலு, ஜி 3, ஜே, கே, எக்ஸ், க்யூ, இசட் ஒவ்வொன்று, மிச்சமுள்ளவை இரண்டிரண்டு, வெற்றட்டை இரண்டு. நூறு வரும், எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு துணிப்பை, ஓர் அகராதி போதும். க்யூவுக்கு யு கட்டாயம் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.